கம்பைலர் கத்தவில்லை

அந்த ஆபீசில் கம்பைலருக்கு இருந்த மரியாதை மேனேஜருக்குக்கூடக் கிடையாது. புரோகிராமை எழுதி முடித்து அதன் வாயில் போட்டால், வரி வரியாகப் படித்துப் பார்க்கும். தப்பிருந்தால் திரை முழுக்கச் சிவப்பெழுத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அதற்குத்தான் அங்கே "கத்துறது" என்று பேர். "கத்துச்சா?" "கத்தல." "அப்ப அனுப்பிடு." பேச்சு அவ்வளவுதான். கத்தவில்லை என்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டு ஒரு மாடி முழுக்க ஆட்கள் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பிழைப்பாவது லேசுப்பட்ட பிழைப்பா? சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வீட்டுக்கே வந்து ஏற்றிக்கொண்டுபோய், ரத்தம் சுத்தம் பண்ணுகிற மையத்தில் இறக்கி, திரும்பக் கொண்டுவந்து விடுகிற வண்டிகள் இருக்கின்றன. எந்த வண்டி எந்த வாசலுக்குப் போகவேண்டும், யாரை ஏற்றவேண்டும் என்று சொல்வது இவர்களுடைய மென்பொருள். வண்டி ஒரு தடவை வராவிட்டால் சமாளித்துக்கொள்ளலாம். அடுத்த தடவையும் வராவிட்டால், உடம்புக்குள் சேருகிற நஞ்சுக்குப் போக வேறு வழி கிடையாது. இது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் காபி குடித்தார்கள், சிரித்தார்கள், வேலை பார்த்தார்கள். வேறென்ன செய்வார்கள்?

அவளுக்கு அங்கே பட்டப்பெயர் துடைப்பம். யாரோ எப்போதோ எழுதி வைத்துவிட்டுப்போன பழைய குப்பையைக் கூட்டிப் பெருக்கிப் புதுசாக்குவது அவள் வேலை. அந்தப் பெயரை வைத்தவர் டீம் லீடர். அவளுக்குக் கோபம் வரவில்லை. சொல்லப்போனால் உள்ளூரப் பெருமைதான். அண்ணனிடமும் சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"வீட்ல ஒரு நாளாச்சும் துடைப்பத்தைத் தொட்டிருக்கியா பாப்பா? ஆபீஸ்ல போய் பேர் வாங்கிட்டு வந்திருக்கா பாரு."

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்துவிட்டு, லிஃப்டே இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் குடியிருந்தான். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபிறகு வேலைக்குப் போவது நின்றது. தங்கச்சி ஆபீசின் வண்டியில்தான் அவனும் மையத்துக்குப் போய்வந்தான். வண்டியில் கூட வருகிறவர்களிடமெல்லாம், "இந்த வண்டியை ஓட்டுறது டிரைவர் இல்லீங்க, என் தங்கச்சி" என்பானாம். டிரைவரே அவளிடம் ஒருநாள் போனில் சொல்லிச் சிரித்தார்.

அவள் அப்போது கூட்டிக்கொண்டிருந்த குப்பை, ஜாவா என்கிற கணினி மொழியில் எழுதிய பழைய ஸ்விட்ச்சுகள். ஸ்விட்ச் என்பது ஒன்றுமில்லை, ஒரு நீளமான நடைபாதை, வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறைக்கும் கேஸ் என்று பெயர். வண்டி உறுதியானால் முதல் அறைக்குள் போ, நோயாளி வரவில்லை என்றால் அடுத்த அறைக்குள் போ, பயணம் முடிந்தால் அதற்கடுத்ததுக்குள் போ. இதில் ஒரு கூத்து உண்டு. பழைய முறையில் அறைக்குள் போன புரோகிராமுக்கு, வேலை முடிந்ததும் வெளியே வரத் தானாகத் தெரியாது. 'பிரேக்' என்று ஒரு வார்த்தையை எழுதி வெளியே தள்ளிவிட வேண்டும். எழுதாவிட்டால் பக்கத்து அறைக்குள்ளும் நுழையும், அங்கிருக்கிற வேலையையும் செய்யும், அதற்கடுத்த அறையையும் விட்டுவைக்காது. அறைக்கதவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஏறெடுத்தும் பார்க்காது.

புது முறையில் அந்தத் தொல்லை இல்லை. கேஸுக்குப் பக்கத்தில் மேலொன்றும் கீழொன்றுமாக இருக்கிற இரட்டைப் புள்ளியை எடுத்துவிட்டு அம்புக்குறி போட்டால் போதும். உள்ளே போனது அந்த அறையோடு திரும்பிவிடும். பிரேக்கே வேண்டாம்.

ஆகவே டீமில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. முதலில் ஒரு கோப்பில் உள்ள ஸ்விட்ச்சின் பிரேக்கையெல்லாம் அழித்துவிடுவது. பிறகு புள்ளிகளை ஒவ்வொன்றாக அம்பாக மாற்றிக்கொண்டு வருவது. நடுவில் ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் பயமில்லை. ஒரே ஸ்விட்ச்சுக்குள் புள்ளியும் அம்பும் கலந்திருந்தால் கம்பைலர் விடாது, ஊரைக் கூட்டிவிடும். அவளுக்கே எத்தனையோ தடவை கத்தியிருக்கிறது. கத்திய இடத்தைத் திருத்துவாள், அடங்கிவிடும். இப்படிக் கத்திக் கத்திக் காப்பாற்றிய தைரியத்தில்தான் எல்லாம் நடந்தது.

அன்றைக்கு மதியம் ஒரு கோப்பைத் திறந்து பிரேக்குகளை அழித்து முடித்தாள். அம்பு போடக் கை வைக்கப்போகிற நேரம் போன் அடித்தது. அண்ணி.

"உங்க அண்ணன் படியில விழுந்துட்டார்மா. எலும்பு கிலும்பு ஒண்ணும் முறியல. ஆனா எந்திரிக்க மாட்டேங்கிறார். பயமா இருக்கு."

போட்டது போட்டபடி ஓடினாள். அண்ணனைக் கட்டிலில் படுக்கவைத்து, முழங்காலுக்கு மருந்து தடவி, அவன் அடித்த ஜோக்குக்கெல்லாம் சிரித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து தன் கையால் ஒரு காரியம் செய்தாள். மென்பொருளில் அண்ணனுடைய பெயரைத் திறந்து, 'உதவியாள் தேவை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். இனி வண்டியோடு ஒரு ஆளும் மாடியேறி வருவான், கைபிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போவான். அண்ணிக்கு அப்போதுதான் முகத்தில் உயிர் வந்தது.

மறுநாள் ஆபீசுக்கு வந்து, விட்ட இடத்தைப் பார்க்காமல், முடித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு மொத்தத்தையும் கம்பைலர் வாயில் போட்டாள். கத்தவில்லை. ஏன் கத்தப்போகிறது? அந்த ஸ்விட்ச்சில் ஒரு அம்பு கூட இல்லை, எல்லாமே புள்ளி. கலப்படம் இருந்தால்தானே கத்தும்? முழுக்கப் பழைய முறை, பிரேக் மட்டும் இல்லை. அப்படி எழுத ஜாவாவில் தாராளமாக அனுமதி உண்டு. அம்மணி வேண்டுமென்றேதான் அப்படி எழுதியிருக்கிறாள் போலும் என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டது.

"கத்துச்சா?" என்றார் டீம் லீடர்.

"கத்தல."

"அனுப்பிடு."

அந்தக் கோப்பு எதற்கானது தெரியுமா? உதவியாள் தேவைப்படுகிறவர்களுடைய பயணங்களுக்கானது. விரல் விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு பேர்தான். அவள் அண்ணனையும் சேர்த்து.

வார விடுமுறையில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி துணி துவைக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். சலவை நிலையத்தில் ஊர்த்துணி துவைத்துவிட்டு வந்து வீட்டுத்துணி. அண்ணன் ஜன்னலோரம் சாய்ந்திருந்தான். ஊசி குத்துகிற கையில் புதுப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. முகம் உப்பிப்போயிருந்தது.

"என்னண்ணா மூஞ்சி இப்படி வீங்கியிருக்கு?"

"தூக்கம் ஜாஸ்தி பாப்பா. வேலை வெட்டி இல்லாதவனுக்கு வேற எது வீங்கும்?"

"வண்டி ஒழுங்கா வருதா? ஆளு மேல வந்து கூட்டிட்டுப் போறானா?"

"ராஜமரியாதைதான், போ." ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். கொஞ்சம் கழித்து, "ஆபீஸ்ல இப்ப ஏதாச்சும் மாத்தினீங்களா?" என்றான்.

"மாத்தினீங்களாவா? நான்தான் மாத்தினேன். பழசு அவ்வளவையும் துடைச்சு எடுத்தாச்சு. அத்தனையும் உன் தங்கச்சி கைவண்ணம்."

"ஓ."

"ஏன் கேக்கற?"

"சும்மாதான். அதுல தப்பு கிப்பு வந்தா உன்னைத் திட்டுவாங்களா?"

"திட்டறதா? பெட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சிரிக்கிறதற்கு அண்ணனைப்போல ஆள் கிடையாது, அவன் சிரிக்கவில்லை. தாகமாக இருக்கிறது என்று ஒரு வாய் தண்ணீர் கேட்டான். அவனுக்குத் தண்ணீர் அளவுதான் என்று அண்ணி பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். தங்கச்சி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு ஆபீஸ் கதையெல்லாம் பேசிவிட்டுக் கிளம்பினாள். படியிறங்கும்போது, அண்ணன் முகத்தை இன்னொரு தடவை பார்த்திருக்கலாமே என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

அதற்கப்புறம் வந்த அவனுடைய முறை நாளில், காலையிலேயே, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற டெஸ்டர் அவள் மேசைக்கு வந்து நின்றான். அவனுக்கு அங்கே சந்தேகம் என்று பட்டப்பெயர். எதைக் கொடுத்தாலும் நம்பமாட்டான்.

"துடைப்பம், கொஞ்சம் வாயேன். ஒரு அம்மா போன்ல கிழிகிழின்னு கிழிக்குது. வண்டி கிளம்பிடுச்சுன்னு மெசேஜ் வந்துதாம், வண்டி வரலையாம். டிரைவரைக் கேட்டா, அப்படி ஒரு பயணமே என் திரையில இல்லைங்கறார். மையத்துல கேட்டா, நீங்களே வரலைன்னு ரத்து பண்ணிட்டீங்களேன்னு அவங்க திட்டறாங்க. இதுல யாரு பொய் சொல்றது?"

"நீ அதை டெஸ்ட் பண்ணலையா?"

"மெசேஜ் போச்சு, பாத்தேன். அதுக்கு மேல பாக்கல." சந்தேகத்தின் குரல் இறங்கியது. "இதை மட்டும் பாக்கல."

அவள் கோப்பைத் திறந்தாள். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. கேஸ், இரட்டைப் புள்ளி. கேஸ், இரட்டைப் புள்ளி. ஒரு பிரேக் இல்லை, ஒரு அம்பு இல்லை. வண்டி உறுதியானதும் முதல் அறைக்குள் போய் நோயாளிக்கு மெசேஜ் அனுப்புகிறது: வண்டி கிளம்பிவிட்டது, தயாராக இருங்கள். வெளியே வராமல் அடுத்த அறைக்குள் போகிறது: டிரைவர் திரையிலிருந்து பயணத்தை எடுத்துவிடுகிறது, நோயாளி வரவில்லை என்று மையத்துக்குச் சொல்லிவிடுகிறது. அதோடு விடாமல் அடுத்த அறை: பயணம் முடிந்தது, சுபம். மூன்றும் கண் மூடித் திறப்பதற்குள். வாசலில் ஒருவர் பையோடு காத்திருப்பார். உலகத்தில் மற்ற யாருக்கும் அவர் காத்திருப்பது தெரியாது.

"உதவியாள் தேவைங்கற ஆளுங்களுக்கு மட்டும்தான் இது ஓடுது," என்றான் சந்தேகம், திரையைப் பார்த்துக்கொண்டே. "நல்லவேளை."

அண்ணனுக்கு அந்தக் கட்டத்தில் டிக் போட்டது அவள் கை.

அண்ணனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அண்ணிக்குப் போட்டாள். பின்னால் சலவை இயந்திரங்களின் இரைச்சல்.

"இன்னைக்கு முறையாச்சேம்மா, வண்டியில போயிட்டிருப்பார். நான் விடியறதுக்குள்ள வேலைக்கு வந்துடறேன், தெரியாது. போன தடவையும் போயிட்டு வந்தாரே. கையில பிளாஸ்திரி பாத்தியே நீயே?"

பார்த்தாள். பிஸ்கட் தின்றுகொண்டே பார்த்தாள்.

அண்ணன் வீட்டுக்கு டாக்சியில் போகும்போது மையத்துக்குப் போன் பண்ணிக் கேட்டாள். முந்தின முறையும் வரவில்லை, அதற்கு முந்தின முறையும் வரவில்லை, அவரே ரத்து பண்ணிவிட்டார் என்றார்கள். இப்படிப் பொறுப்பில்லாமல் இருந்தால் எப்படி என்று கடிந்துகொண்டார்கள். ஆமாங்க, ஆமாங்க என்றாள்.

அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தான். மூன்று மாடியையும் தனியாக இறங்கியிருக்கிறான். பேண்டின் பின்பக்கமெல்லாம் புழுதி. உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கியிருக்கிறான். மடியில் மையத்துக்குக் கொண்டுபோகிற பை, அதில் மடித்த போர்வை. போன் கையில்தான் இருந்தது. அது அடித்தது காதில் விழுந்ததா இல்லையா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"வந்துட்டியா பாப்பா," என்றான். நாக்கு குழறியது. "வண்டி கிளம்பிடுச்சாம். மெசேஜ் வந்திருக்கு பாரு."

"வராதுண்ணா. எழுந்திரு."

"வரும். இன்னைக்கு வந்துடும். நீ இதுக்குள்ள சரி பண்ணியிருப்ப." மூச்சு வாங்கிக்கொண்டான். "நீ போ, ஆபீஸ்ல தேடப்போறாங்க."

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அவன் கால் இரண்டும் ஈரமண்போலக் கிடந்தன, அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

"ஏண்ணா சொல்லல? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு சொன்னியே," என்றான்.

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. பாவி, விளையாட்டுக்குச் சொன்னேனே, உனக்கு விளையாட்டு தெரியாதா, ஊரையே சிரிக்கவைக்கிறவனாச்சே என்று நெஞ்சுக்குள் என்னென்னவோ வந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி குத்த இடம் தேடி அவன் கைப் பிளாஸ்திரியை உரித்தாள். "இது எதுக்கு ஒட்டியிருக்கு? கீழ ஒண்ணுமே காணோமே," என்றாள். அண்ணி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள், கையில் சோப்பு வாடை போகாமல். அந்த வெறுங்கையையே பார்த்தாள். தினமும் பக்கத்தில் படுத்துத் தூங்கியவள். பெண்டாட்டியை ஏமாற்றுவதற்குக் கடையில் போய்ப் பிளாஸ்திரி வாங்கியிருக்கிறான் மனுஷன், அந்தக் காலை வைத்துக்கொண்டு.

அவனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். டீம் லீடரிடமிருந்து போன் வந்தது.

"நாளைக்கு முறை உள்ளவங்களும் அந்தக் கோப்புல இருக்காங்கம்மா. எந்த இடம்னு மட்டும் சொல்லு, நான் திருத்திக்கறேன். நீ அங்க பாரு."

"இல்ல சார். நானே போடறேன்."

"பைத்தியமா உனக்கு? இந்த நேரத்துல..."

"நான்தான் எடுத்தேன் சார். நானே போடறேன்."

பையிலிருந்த லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள். எதிர் பெஞ்சில் அண்ணி. இவள் என்ன செய்கிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. ஒவ்வொரு அறையின் முடிவிலும் பிரேக், பிரேக் என்று எழுதினாள். இதற்கு எவ்வளவு நேரமாகும்? ஒரு ஆள் தும்மி முடிக்கிற நேரம். கம்பைலரிடம் கொடுத்தாள். கத்தவில்லை. போன தடவை எப்படிக் கத்தாமல் இருந்ததோ, அதே மாதிரிதான் இப்போதும் இருந்தது. தப்பைக் கொடுத்தபோதும் சரியைக் கொடுத்தபோதும் அதற்கு ஒரே முகம். இதைப் போய்க் காவலுக்கு வைத்தோமே என்று திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அனுப்பினாள். நாளைக்குக் காத்திருக்கப்போகிறவர்களுக்கு வண்டி போய்விடும்.

கதவு திறந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது, இதயம் நின்றுவிட்டது, எவ்வளவோ முயன்றோம். "ரெண்டு முறை விட்டுட்டு இருந்திருக்கார். யாராவது ஒரு போன் பண்ணியிருந்தாக்கூட..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அண்ணி எழுந்து, "பையை நான் வாங்கிக்கலாமா?" என்று கேட்டாள். போர்வை இருந்த பை. அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் எல்லாக் காரியமும் முடிந்து வந்து படுத்தார்கள். தூங்கினார்கள் என்று சொல்லமுடியாது. விடிந்தது. அண்ணி வேலைக்குப் போகவில்லை. அவள் ஆபீசுக்குப் போகவில்லை. யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை, போகத் தெம்பில்லை, அவ்வளவுதான். சந்தேகம் போன் பண்ணினான். பேசத் தெரியாமல், "அந்த அம்மா வீட்டுக்கு வண்டி ஒழுங்கா போயிடுச்சு" என்றான். பிறகு அவனே வைத்துவிட்டான்.

மேசைமேல் கிடந்த அண்ணன் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு அதைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் படியில் ஆள் ஏறிவருகிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டினார்கள்.

அவள்தான் திறந்தாள். நல்ல உயரமான ஆள், சட்டையில் வண்டிக் கம்பெனியின் வில்லை. மூன்று மாடி ஏறிவந்ததில் நெற்றியெல்லாம் வியர்வை.

"ஐயா ரெடியாம்மா? மெதுவா கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. அவசரமில்ல, நான் கைபிடிச்சு இறக்கிடறேன்."

அண்ணன் போய்விட்டான் என்று ஒருவழியாகச் சொன்னாள். அவர் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார்.

"ரத்துன்னு எங்களுக்கு வரலீங்கம்மா. வந்திருந்தா இந்த நேரத்துல வந்து கதவைத் தட்டியிருக்க மாட்டேன். மன்னிச்சிடுங்க."

"யாரும் ரத்து பண்ணல. உங்க மேல தப்பில்ல."

அவர் இறங்கிப் போனார். கீழே வண்டியில் மற்றவர்கள் காத்திருந்தார்கள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால், அண்ணி பின்னாலேயே வந்து நிற்கிறாள்.

"உங்க அண்ணன் கீழ உக்காந்திருந்தப்பல்லாம் வரலையே," என்றாள் அண்ணி. "இப்ப மட்டும் எப்படிம்மா வருது?"

"நான் சரி பண்ணிட்டேன் அண்ணி."

அண்ணி கத்துவாள் என்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அண்ணி கத்தவில்லை.